ஒரு புண், நான்கு மாணவர்கள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஜிஎஸ்டி சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தச் சாலையிலும் அதன் இருபுறத்து வயல்களிலும் காயம் படாத நாளில்லை. பைக்கிலிருந்து சறுக்கி விழுந்து முழங்கால் உரிந்தவர், கரும்பு வெட்டும்போது கெண்டைக்காலில் கத்தி பட்டவர், முள் குத்தியதே தெரியாமல் ஒரு வாரம் நடந்துவிட்டுப் பாதம் வீங்கியபின் வரும் சர்க்கரை நோயாளி, பக்கவாதத்தில் விழுந்து இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் கண்ட முதியவர் என்று பலவகைப்பட்டவர்கள் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கும் வந்து சேர்கிறார்கள். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், இதே சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது.

அந்த 48 மணி நேரம் உயிரைக் காக்கிறது. அதன்பின் வாரக்கணக்கில் நீளும் வேலை வேறு. தையல் போட அறுவை மருத்துவருக்கு அரை மணி நேரம் போதும். புண் ஆறி முடியும்வரை அதைத் திறந்து பார்ப்பதும், கழுவுவதும், கட்டுவதும், நேற்றைக்கு இன்று எப்படி இருக்கிறது என்று சொல்வதும் செவிலியர்கள். ஆகவே ஒரு கேள்வி முக்கியமாகிறது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நர்சிங் கல்லூரிக்குள் நுழையும் ஓர் இளம்பெண்ணோ பையனோ, புண்ணைப் பார்க்க எப்படிக் கற்கிறார்? தனியாகக் குறிப்பேட்டை மனப்பாடம் செய்து இதைக் கற்க முடியாது, நான்கைந்து பேர் கூடி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத்தான் கற்க முடியும் என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அவை புண்ணின் இயல்பிலேயே இருக்கின்றன.

புண் ஆறும் ஒழுங்கு

தோல் கிழிந்த சில நொடிகளில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தட்டணுக்கள் கிழிசலில் ஒட்டி அடைக்கின்றன. அவற்றின் மேல் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலை பின்னுகின்றன. இரத்தம் நின்றுவிட்டது என்று நாம் நிம்மதியடையும் அந்த நேரத்தில் தட்டணுக்கள் வேதிச் செய்திகளை வெளிவிட்டு வெள்ளணுக்களை அழைக்கத் தொடங்கியிருக்கும். சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் வந்து இறந்த செல்களை அகற்றுகின்றன. இந்த நாள்களில் காயம் சிவந்து, லேசாக வீங்கி, சூடாக இருக்கும். அதைக் கண்டு சீழ் வைத்துவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. ஆனால் அது உடம்பு தன் வேலையைச் செய்வதன் அடையாளம்.

மூன்றாம் நாள் தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரம் வரை கட்டுமானம் நடக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் புரதத்தைச் சுரக்கின்றன. அதற்கிடையே மெல்லிய புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. புண்ணின் அடித்தளம் ஈரமாக, செந்நிறத்தில் மணிமணியாகத் தெரியும். ‘நல்ல சதை வளருது’ என்று வார்டில் சிஸ்டர்கள் சொல்வது இதைத்தான். ஓரங்களிலிருந்து மேல்தோல் செல்கள் நடுநோக்கி நகர்ந்து வருகின்றன. புண் வாய் சுருங்குகிறது.

பிறகு தழும்பு பக்குவப்படும் காலம். அவசரத்தில் போடப்பட்ட மூன்றாம் வகைக் கொலாஜன் கரைந்து, வலுவான முதல் வகைக் கொலாஜன் அதன் இடத்துக்கு வருகிறது. இது ஓராண்டு வரையிலும் அதற்கு மேலும்கூட நீளும். மூன்று வாரத்தில் தழும்பின் வலு, பழைய தோலின் வலுவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டியிருக்காது. எவ்வளவு காலம் போனாலும் அது 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மூடிவிட்டது என்பதால் புண் முழுக்க ஆறிவிட்டது என்று பொருளில்லை.

காற்றாட விட்டால் காயம் சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் இளம் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடி ஈரம் காத்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. திறந்து காய்ந்த காயத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. நகர்ந்து வரும் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி வழி தேட வேண்டியிருந்தது. இன்றைய டிரெஸ்ஸிங் முறைகள் பலவும் இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்தவை.

இதிலிருந்து செவிலியருக்குக் கிடைக்கும் பாடம் இது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு பராமரிப்பு வேண்டும். தொடக்கத்தில் கிருமியை நீக்குவது முக்கியம். சதை வளரும்போது அதைக் கலைக்காமல் காப்பது முக்கியம். உலர்ந்த காஜ் துணியை ஒட்டவைத்துப் பிய்த்தெடுத்தால் நேற்று வளர்ந்த சதையும் அதோடு வந்துவிடும். ஆறாத புண்ணில் இன்னொரு சிக்கல். அதன் ஒரு மூலையில் இறந்த சதையும் நடுவில் புதுச் சதையும் மறு மூலையில் சீழும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு எந்தப் புண்ணும் வருவதில்லை. ஆகவே அதைப் படித்தறியத் தெரிய வேண்டும்.

நான்கு கேள்விகள்

புண்ணைப் படிப்பதற்கு 2003-இல் மருத்துவ அறிஞர்கள் குழு ஒன்று நான்கு கேள்விகளை வகுத்துத் தந்தது. சதை எந்த நிலையில் இருக்கிறது? கிருமித் தொற்றோ நீடித்த அழற்சியோ இருக்கிறதா? ஈரம் அளவாக இருக்கிறதா? ஓரம் உள்நோக்கி நகர்கிறதா? உலகெங்கும் செவிலியர்கள் இன்று இந்த நான்கையும் பயன்படுத்துகிறார்கள்.

எளிமையாகத் தோன்றினாலும் ஒவ்வொரு கேள்விக்குள்ளும் பயிற்சி தேவைப்படும் நுணுக்கம் இருக்கிறது. புண்ணின் மேல் மஞ்சளாக ஒரு படலம் தெரிகிறது. அது சீழா, இறந்த சதையின் அழுகல் படலமா? ஈரக் காஜால் ஒற்றினால் சீழ் வந்துவிடும், அழுகல் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. குதிகாலில் கறுத்து, காய்ந்து, இறுகி, சுற்றிலும் சிவப்போ ஈரமோ இல்லாமல் இருக்கும் பொருக்கை உரிக்காமல் விட வேண்டும். அதே கறுப்பு வேறோர் இடத்தில் நசநசத்து நாற்றமடித்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

நம் ஊர் மாணவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தடை உண்டு. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம், அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று பாடநூல் சொல்கிறது. படத்திலும் வெள்ளைத் தோல்தான் இருக்கிறது. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அங்கே கையால்தான் அறிய வேண்டும். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் நோயாளி முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இப்படித் தொட்டறிவதைப் படத்தைப் பார்த்துக் கற்க முடியாது. ஒருவர் தொட்டு, தான் உணர்ந்ததைச் சொல்லி, அடுத்தவர் தொட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும்போதுதான் விரல்கள் நுண்மை பெறுகின்றன.

ஆஸ்டின் நகரத்து வகுப்பறை

இப்படிச் சேர்ந்து கற்பதற்கான ஒரு முறை, மருத்துவத்தோடு தொடர்பில்லாத ஓரிடத்தில் பிறந்தது. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிக் குழந்தைகள் முதன்முறையாக ஒரே வகுப்புகளில் உட்கார வைக்கப்பட்டபோது மோதல்கள் வெடித்தன. உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சன் வகுப்பறைகளைக் கவனித்தார். ஆசிரியர் கேட்கிறார், பிள்ளைகள் முந்திக்கொண்டு கை தூக்குகிறார்கள், ஒருவர் தடுமாறினால் மற்றவருக்கு மகிழ்ச்சி. அந்தப் போட்டிதான் பிரச்சினையை வளர்க்கிறது என்று கண்டார். அவரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்தார்கள். முழுப் பாடமும் தெரிய வேண்டுமானால் மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். ‘ஜிக்சா’ என்ற பெயரில் அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

புண் பராமரிப்பின் நான்கு கேள்விகளும் இந்த முறைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகின்றன. 40 பேர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். நால்வர் வீதம் பத்துத் தாய்க்குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குச் சதை, ஒருவருக்குத் தொற்று, ஒருவருக்கு ஈரம், ஒருவருக்கு ஓரம். சதைக்காரர்கள் எல்லோரும் தனியே கூடி அதை மட்டும் ஆழமாகப் படிக்கிறார்கள். தொற்றுக்காரர்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்க நன்றாக இருந்தாலும் அது புதிதாக வளரும் செல்களையும் கொல்லும் என்பதையும், சர்க்கரை நோயாளிக்குப் பெரிய தொற்று இருந்தும் காய்ச்சலோ வலியோ இல்லாமல் இருக்கலாம் என்பதையும் கற்கிறார்கள். ஈரக்காரர்கள், நீர் மிகுந்தால் ஓரத்துத் தோல் ஊறி வெளுத்துப்போவதைக் கற்கிறார்கள். ஓரக்காரர்கள், நீள அகலத்தை அளந்து குறிப்பதையும், சர்க்கரைப் பாதப் புண் நான்கு வாரத்தில் பாதியளவாவது சுருங்காவிட்டால் சிகிச்சையையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதையும் கற்கிறார்கள்.

பிறகு ஒவ்வொருவரும் தாய்க்குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதன்பின் ஆசிரியர் ஒரு பாதப் புண்ணின் படத்தையும் நோயாளியின் விவரத்தையும் தருகிறார். நால்வரும் பேசி ஒரே திட்டத்துக்கு வர வேண்டும். இங்கேதான் படிப்பு சூடு பிடிக்கிறது. ஈரக்காரர் நீர் அதிகம் என்கிறார். தொற்றுக்காரர் அந்த நீரே கிருமியின் அறிகுறி என்கிறார். ஓரக்காரர் உள்ளே புரை ஓடியிருக்கிறதா என்று பார்த்தாயா என்று கேட்கிறார். ஒருவர் தன் கருத்தைக் காரணத்தோடு நிறுவ வேண்டிய கட்டாயம் வரும்போது, தனக்கு எது தெரியாது என்பது அவருக்கே தெரிந்துவிடுகிறது.

சொல்லிக்கொடுப்பதற்காகப் படிப்பதில் தனிப் பலன் இருக்கிறது. 2014-இல் வெளியான நெஸ்டோய்கோவும் சகாக்களும் செய்த ஆய்வில், படித்ததைப் பிறருக்குக் கற்பிக்கப்போகிறோம் என்று நம்பிப் படித்தவர்கள், தேர்வுக்கென்று படித்தவர்களைவிட அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள், ஒழுங்காகவும் நினைவுகூர்ந்தார்கள். கடைசியில் அவர்கள் கற்பிக்கவே இல்லை. அந்த எதிர்பார்ப்பு மட்டுமே படிக்கும் விதத்தை மாற்றிவிட்டது.

கூடி உட்கார்ந்தால் மட்டும் போதாது

நான்கு பேரை வட்டமாக உட்கார வைத்து, பேசுங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கல்லூரியில் படித்த எவருக்கும் தெரியும். ஒருவர் எழுதுவார், ஒருவர் தலையாட்டுவார், மற்ற இருவரும் அன்று பெயர் கொடுத்ததோடு சரி. மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து, கூடிக் கற்றல் பலன் தர ஐந்து நிபந்தனைகளை வகுத்தார்கள். ஒருவர் வெற்றி மற்றவரைச் சார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். நேருக்கு நேர் பேசி உதவிக்கொள்ள வேண்டும். கேட்பதற்கும் மறுப்பதற்குமான பண்பைக் கற்பிக்க வேண்டும். முடிந்தபின் நம் குழு எப்படி வேலை செய்தது என்று தங்களையே ஆராய வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை புண் பராமரிப்பில் மிகமிக முக்கியம். நோயாளியின் முன்னால் குழு நிற்பதில்லை, ஒரு செவிலியர்தான் நிற்கிறார். ஆகவே குழுவில் யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேள்வி கேட்கலாம் என்ற விதி வேண்டும். கைவேலையையும் அப்படியே சோதிக்க வேண்டும். ஒருவர் டிரெஸ்ஸிங் செய்கிறார், ஒருவர் நோயாளியாகப் படுக்கிறார், ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலோடு நிற்கிறார், நான்காமவர் பொருள்களை எடுத்துக் கொடுக்கிறார். கை கழுவியாயிற்றா? சலைனில் நனைத்த பஞ்சைச் சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடம் நோக்கி ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு எறிந்தாயா, அதையே மறுபடி தேய்த்தாயா? கையுறை டிரேயின் விளிம்பில் பட்டதா? செய்பவருக்குத் தெரியாத தவறு பார்ப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். பிறகு முறை மாறும். நால்வரும் நான்கு இடத்திலும் நின்றாக வேண்டும்.

இப்படிப் பழகும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. சுஸ்ருத சம்ஹிதையில் மாணவர்களின் கைப்பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வெட்டுவதைப் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களிலும், கட்டுப்போடுவதைத் துணியால் செய்த ஆளுருவப் பொம்மையின் உறுப்புகளிலும் பழகச் சொல்கிறது அந்த நூல். எவ்வளவு நூல் கற்றவரானாலும் கைப்பழக்கம் இல்லாதவர் சிகிச்சைக்குத் தகுதியற்றவர் என்பது அதன் முடிவு.

வேலூரில் நடந்தது

கூடிக் கற்று மருத்துவத்தையே மாற்றிய ஒரு நிகழ்வு வடதமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நர்சிங் பட்டப்படிப்பு இந்தியாவில் 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. அதே ஆண்டில் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். அடுத்த ஆண்டு, திண்டிவனத்திலிருந்து இதே ஜிஎஸ்டி சாலையில் வடக்கே போனால் வரும் செங்கல்பட்டில், லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைப்பிடி அசாதாரண வலுவோடு இருந்தது அவரை யோசிக்க வைத்தது. ஏனெனில் தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள்.

1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவ ஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவானது. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி இளைஞர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள். அவர்களும் மருத்துவக் குழுவினரும் சேர்ந்து ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். கையிலோ காலிலோ புதிதாகப் புண் தெரிந்தால், அது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. சூடான பாத்திரம், சுத்தியலின் பிடி, செருப்பில் நீட்டிய ஆணி, திருப்ப முடியாத பூட்டில் அழுத்திய சாவி, உறங்கும்போது விரலைக் கடித்த எலி என்று ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் காயம் பட்டது, வலி தெரியாததால் அந்தக் காயத்தின் மேலேயே நடந்தார்கள். நோயாளிகளே ஆராய்ச்சியாளர்களாக இருந்த அந்தக் குழு கண்ட உண்மை, இன்று சர்க்கரை நோயாளியின் மரத்துப்போன பாதத்தைக் காக்கும் மருத்துவத்துக்கும் அடிப்படை. தமிழ்நாடு அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் பேசுவதும் இதே பாதங்களைப் பற்றித்தான்.

பலனை அளக்க இரண்டு ஊர்கள்

ஒரு கற்பித்தல் முறை உண்மையில் பலன் தந்ததா என்பதை எப்படி அறிவது? நர்சிங் முதுநிலை மாணவர்கள் வழக்கமாகச் செய்வது, பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. மதிப்பெண் கூடினால் முறை வென்றது என்பார்கள். ஆனால் எந்த முறையில் நடத்தினாலும் பாடம் நடத்தியபின் மதிப்பெண் கூடத்தான் செய்யும். வழக்கமான விரிவுரை கேட்ட இன்னொரு குழுவோடு ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியும். அந்த இரு குழுக்களும் ஒரே விடுதியில் இருந்தால் இரவோடிரவாகக் குறிப்புகள் கைமாறிவிடும். அதனால்தான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி, திண்டிவனத்தில் ஒரு கல்லூரி என்று இரண்டு ஊர்களை எடுப்பது நல்ல ஏற்பாடு. பாடத்திட்டம் ஒன்று, வரும் மாணவர்களின் பின்னணியும் ஏறக்குறைய ஒன்று, நடுவில் 40 கிலோமீட்டர்.

அப்போதும் எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய நிலையத் தேர்வு முறையில், மாணவர் மேசைக்கு மேசை நகர்ந்து ஒவ்வோரிடத்திலும் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். புண் பராமரிப்புக்கு இதுவே பொருத்தம். மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை சோதித்தால், எது தங்கியது, எது உதிர்ந்தது என்று தெரியும்.

வார்டில் ஒரே செவிலியர் ஒரு புண்ணைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்ப்பதில்லை. மூன்று ஷிஃப்ட், மாறும் டூட்டி. கேஸ் ஷீட்டில் ‘டிரெஸ்ஸிங் முடிந்தது, புண் நன்றாக உள்ளது’ என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. நீளம் நான்கு சென்டிமீட்டர், அகலம் மூன்று, அடியில் முக்கால் பங்கு சிவப்பு, கால் பங்கு மஞ்சள் படலம், நாற்றமில்லை, நேற்றைவிட நீர் குறைவு என்று எழுதினால் அவர் அதன்மேல் முடிவெடுக்கலாம். கண்டதைப் பிறர் பயன்படுத்தும்படி சொல்லும் இந்தத் திறன், வகுப்பில் மூன்று தோழர்களிடம் சொல்லிச் சொல்லித்தான் வரும்.

மருத்துவமனையைவிட வீட்டில்தான் புண் அதிக நாள் ஆறுகிறது. அங்கே காபித்தூள் போடும் பாட்டி இருக்கிறார். முட்டையும் மீனும் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று நோயாளிக்கு ரசம் சோறு மட்டும் போடும் அம்மா இருக்கிறார். சதை வளரப் புரதம் வேண்டும் என்பதை அவர்கள் மனம் நோகாமல், அவர்கள் பேச்சிலேயே சொல்லிப் புரியவைக்கும் வேலையும் செவிலியருடையதே. வகுப்பில் கேட்க மட்டுமே பழகியவரால் அதைச் செய்ய முடியாது, சக மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தும், அவர் மறுத்தால் பொறுமையாகக் காரணம் காட்டியும் பழகியவரால் முடியும். நர்சிங் கல்லூரிகளின் நேர அட்டவணையில் இந்தப் பயிற்சிக்கு நிலையான இடம் வேண்டும். நம் நிறத் தோலில் எடுத்த புண் படங்கள் அந்த வகுப்புகளுக்கு வேண்டும். குழுக்களைக் கவனித்துத் திருத்த, எண்ணிக்கையில் போதுமான ஆசிரியர்களும் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, காலம் கடந்து வெட்டியெடுக்கப்படும் ஒரு காலின் விலைக்கு முன்னால் மிகச் சிறியது.